ஏழு தரம் கழுவிய முசல்லா

போன மாதம் சதீஸ் எனக்குத் தொலைபேசி எடுத்தார். என்னிடம் பயிற்சிக்கு வந்தபோது அவர் செங்கலடியிலிருந்து வந்த ஒரு கான்ஸ்டபிள். இப்போது உப பரிசோதகர். ஆகவே ‘எடுத்தார்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் எனக்கு ‘எடுத்தான்’ என்றுதான் வருகிறது. அவன் கோபிக்கமாட்டான்.

“மிஸ், தீவிரவாதத் தடுப்புப் பயிற்சியெல்லாம் இனிக் கம்பியூட்டர்லதானாம். தமிழ்ப் பகுதிய என்ட தலையில கட்டியிருக்காங்க. உங்கட ரெண்டு பாடத்தையும் எழுதித் தாங்க.”

“எந்த ரெண்டு?”

“சப்பாத்து. மற்றது பென்சில்.” பிறகு மெதுவாக, “மூண்டாவதையும் எழுதுறதெண்டா எழுதுங்க மிஸ்,” என்றான்.

மூன்றாவது எது என்று நான் கேட்கவில்லை. அது நடந்தபோது அவன் அந்த வீட்டு வாசலில் ஒரு காலில் சப்பாத்தோடும் மறுகாலில் வெறும் காலுறையோடும் நின்றான். எத்தனையோ வருடமாக இதை என்னிடம் அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் பொலிஸில் சேர்ந்தது சண்டைக் காலத்தில். மட்டக்களப்பில் ஒரு தமிழ்ப் பெண் அந்த நாளில் காக்கி போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. சோற்றுக் கோப்பையை மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவார். தெற்கே பயிற்சிக் கல்லூரியில் அணிநடை, சட்டம், சிங்களம் மூன்றும் படித்தேன். அணிநடை முழங்காலோடு போய்விட்டது, சட்டத்தை அடிக்கடி மாற்றிவிட்டார்கள், சிங்களம் மட்டும் தொலைக்காட்சி நாடகம் பார்க்க இன்றைக்கும் உதவுகிறது.

அதன் பிறகு நெடுங்காலம் எனக்குக் கிடைத்த வேலை, சோதனைச் சாவடியில் பெண்களின் கைப்பையைத் திறந்து பார்ப்பது. இந்த மாவட்டத்துப் பெண்களின் கைப்பைக்குள் என்ன கிடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்கமாட்டார். தைலப் போத்தல், டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு, பாதி தின்ற பிஸ்கட், யாருக்கும் காட்டாத ஒரு புகைப்படம். குண்டு ஒன்றும் கிடைக்கவில்லை. முறைப்பு நிறையக் கிடைத்தது.

தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எல்லாம் மாறியது. எங்கள் பக்கத்துக் கான்ஸ்டபிள்களுக்கு மூன்று கிழமைப் பயிற்சி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்து இரண்டு நாள் திரையில் படம் காட்டினார். மிச்ச நாட்களில் வீடு, தெரு, மனிதர் என்ற பகுதி என் தலையில் விழுந்தது. நான் அப்போது உப பரிசோதகர், தமிழும் பேசுவேன், பெண்களையும் சோதிக்கலாம். மூன்று வேலைக்கு ஒரு ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

சப்பாத்துப் பாடம் என் சொந்தப் பாடம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள் எங்கள் வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் சப்பாத்தோடு சாமியறைக்குள் ஏறினார்கள். ஒன்றையும் எடுக்கவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு அம்மா அந்த அறையை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், காய்ந்ததும் திரும்பவும் கழுவினாள், பின்னேரம் வரைக்கும் கழுவினாள். அந்தக் கிழமை எங்கள் தெரு ஒழுங்கையில் நடந்த எதையும் எங்கள் வீட்டில் ஒருவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டோம், தெரிந்திருந்தாலும்கூட. அதை நான் மறக்கவில்லை.

அதனால் பயிற்சிக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சப்பாத்துக் கழற்ற வைத்தேன். மூவர் வீட்டுக்குள் போவதானால் இருவர் கழற்ற வேண்டும், ஒருவர் கழற்றாமல் வாசலில் காவல் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு சப்பாத்தும் வெளியே ஒழுங்காக இருக்க வேண்டும். முதல்நாள் ஐந்து நிமிடம் எடுத்தார்கள். ஒருவர் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்தார். காலுறைகளைப் பார்த்தபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, பெருவிரல் வெளியே வராத காலுறை ஒன்றுகூட இல்லை. தீவிரவாதத்தைத் தடுக்க நான் கொடுத்த முதல் கட்டளை, ஓட்டையில்லாத காலுறை வாங்குங்கள் என்பதுதான். கொழும்பு நிபுணர் இதைக் கேட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நாய்க்கும் ஒரு ஒழுங்கு வைத்தேன். முஸ்லிம் வீடானால் முதலில் பெண் உத்தியோகத்தர் உள்ளே போக வேண்டும். தொழும் விரிப்பை, அதை அவர்கள் முசல்லா என்பார்கள், வீட்டுக்காரர் சுருட்டி உயரத்தில் வைக்கும்வரை மோப்ப நாய் வேலிப் படலைக்கு வெளியே நிற்க வேண்டும். நாயின் எச்சில் பட்டால் அவர்களுக்கு அந்த விரிப்பில் தொழ முடியாது. ஐந்து நேரத் தொழுகையின் பெயரையும் நேரத்தையும் எல்லோரையும் மனப்பாடம் செய்யவைத்தேன். சதீஸ் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராகம் போட்டு ஒப்புவிப்பான்.

பென்சில் பாடம் எங்கள் பொறுப்பதிகாரியுடையது. குருநாகல் பக்கத்துச் சிங்களவர். கொச்சைத் தமிழ்தான், ஆனால் வெட்கப்படாமல் பேசுவார். அவருடைய மேசையில் தட்டு மூடிய ஒரு கிளாஸ் தண்ணீரும், சீவிய பென்சிலும், ஒரு அழிறப்பரும் தவிர வேறொன்றும் இருக்காது. யாராவது தகவல் சொல்ல வந்தால் எழுந்து நின்று கதிரையைக் காட்டுவார். அவர்கள் இருந்த பிறகுதான் தான் இருப்பார். தண்ணீர்க் கிளாஸை அவர்கள் பக்கம் நகர்த்துவார். பிறகு வெறும் தாள் ஒன்றில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு இழுப்பார். தாள் மூன்றாகும். கண்டது, கேட்டது, நினைத்தது.

அவர்கள் சொல்லி முடிக்கும்வரை ஒரு எழுத்தும் எழுதமாட்டார். முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து, “இது நீங்க கண்டதா? கேட்டதா? நினைச்சதா?” என்று கேட்பார். குரலில் சந்தேகம் இருக்காது. சொன்னவர்களே கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது நினைச்சதுதான் சேர்,” என்பார்கள். பெரும்பாலான தாள்களில் மூன்றாவது பகுதிதான் நிறைந்து வழியும்.

ஏன் பென்சில் என்று நான் ஒருமுறை கேட்டேன். “லோகா, மையில எழுதினா ஆள் உள்ள போறது. பென்சில்ல எழுதினா நாம யோசிக்கிறது,” என்றார்.

இனி அந்த மூன்றாவது விடயத்துக்கு வருகிறேன்.

வாவிக்கரையில் ஒரு முஸ்லிம் கிராமம். சவூதியில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்த நிஸ்தார் என்பவர் வீட்டோடு ஒட்டி ஒரு கொட்டில் போட்டு, சுற்றிவரக் கறுப்புப் பொலித்தீனால் மூடியிருந்தார். ஒருவரையும் உள்ளே விடுவதில்லை. அக்கரையில் வலை போடும் ஒரு மீனவர் நிலையத்துக்கு வந்து சொன்னார். பொறுப்பதிகாரி கோடு இழுத்தார். கண்டது: கறுப்புக் கொட்டில், அதற்குள் கொண்டுபோன நீலப் பிளாஸ்டிக் பரல்கள், வயர், பற்றரி, ஊருக்குப் புதிய ஆட்களோடு இரண்டுதரம் வந்துபோன வெள்ளை வேன். கேட்டது: சவூதியில் யார் யாரோடோ பழகினாராம். நினைத்தது: குண்டு செய்கிறார்.

மேலிடத்துக்குத் தெரிவித்ததும் உடனே வீட்டைச் சோதிக்கும்படியும், ஆளைத் தடுத்துவைப்பதற்கான கோரிக்கையைத் தயார் செய்யும்படியும் சொன்னார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஒருவர் உள்ளே போனால் மாதக்கணக்காகும், எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் அப்படிப் போனவர்களின் மனைவிமார் தாள்களோடு நிலையத்து வாசலில் நிற்பதை நான் தினமும் பார்த்தேன். பொறுப்பதிகாரி கோரிக்கையை எழுதினார், பென்சிலால். நான்கைந்து வரி எழுதிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

காலை பத்து மணிக்குப் போனோம். பொறுப்பதிகாரி நிஸ்தாரைக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். வீடு என் பொறுப்பு. என்னோடு சதீஸும், இன்னொரு கான்ஸ்டபிளும், ரொக்கி என்ற மோப்ப நாயும், அதைப் பிடித்திருந்தவரும். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். நிஸ்தாரின் மனைவி பரீதா குசினி வாசலில் நின்றாள், முப்பது வயது இருக்கும். முன்னறையில் குர்ஆன் உயரத்தட்டில் இருந்தது. விரிப்பு எதுவும் கீழே இல்லை. உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது.

வயர்லஸில் மேலிடத்திலிருந்து, முடிந்ததா, முடிந்ததா என்று கேட்டபடி இருந்தார்கள். மணிக்கூட்டைப் பார்த்தேன், பத்தே கால். விடியற்காலைத் தொழுகை எப்போதோ முடிந்திருக்கும், மதியத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த நேரத்தில் யாரும் விரிப்பை விரித்து வைத்திருக்கமாட்டார்கள். உள்ளறையைத் திறந்து பார்க்காமலே நாயைக் கூப்பிட்டேன்.

ரொக்கி வாவிக்கரைச் சேற்றில் நடந்த களைப்பில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. நேரே உள்ளறைக்குள் போனது. அங்கே மேற்குப் பக்கச் சீமெந்துத் தரையில் ஒரு பச்சை முசல்லா விரித்தபடி கிடந்தது. குண்டு மருந்து மணம் பிடித்தால் அந்த நாய் உட்காரும். அன்றைக்கு அது உட்காரவில்லை. விரிப்பின் நடுவில் ஏறி, நெற்றி படும் இடத்தில் தாடையை வைத்து, சுகமாகப் படுத்துவிட்டது. வாயிலிருந்து நீர் வடிந்தது.

பரீதா விரிப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இப்பதான் ளுஹாத் தொழுதுபோட்டு எழும்பின,” என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கடமையான ஐந்துக்கு வெளியே, முற்பகலில் விரும்பியவர்கள் தொழும் தொழுகை ஒன்று இருக்கிறது. ஐந்தையும் மனப்பாடமாகப் படிப்பித்த எனக்கு அது தெரியாது. வாசலில் சதீஸ் சப்பாத்து நாடாவைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். மஞ்சள் தண்ணீரோடு குனிந்து நிற்கும் அம்மாவின் முதுகு கண்ணுக்குள் வந்தது. இந்தமுறை சப்பாத்தோடு ஏறியது நான்.

நாயை வெளியே கொண்டுபோகச் சொன்னேன். விரிப்பை நானே எடுத்தேன். “கிணறு எங்க புள்ள?”

“வேணா மிஸ். நான் கழுவிக்குவன்.”

“நாயக் கூப்பிட்டது நான். நான்தான் கழுவ வேணும்.”

கிணற்றுப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, “சும்மா கழுவினாச் சரிவராது,” என்றாள். “ஏழு தரம் கழுவணும். ஒரு தரம் மண் போட்டுக் கழுவணும்.”

கிணற்றடியில் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு குந்தினேன். பரீதா சுத்தமான மண் ஒரு பிடி எடுத்துத் தந்தாள். முதலாவது தரம் மண்ணைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தேன். இரண்டாவது வாளியை நானே அள்ளினேன். மூன்றாவதோடு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவள் வாளியை வாங்கித் தானே அள்ளி ஊற்றத் தொடங்கினாள். சப்பாத்தைக் கழற்றிய உள்ளங்காலில் கிணற்றடிச் சேறு ஒட்டியது. நான்காவது வாளியில் கணவரைப் பற்றிக் கேட்டாள்.

“புள்ளட வாப்பாவக் கொண்டு போவீங்களா மிஸ்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம், அந்த நேரம் அப்படிச் சொல்வது லேசு. “எனக்குத் தெரியா புள்ள,” என்றேன். “மேலயிருந்து கேட்டிருக்காங்க.”

ஐந்தாவது வாளியை ஊற்றவில்லை. கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“அந்த வேன்ல வந்த ஆக்கள் கொட்டில வாடகைக்குக் கேட்டு வந்த. கொஞ்சப் பரல் வெக்கணுமாம், ஒரு மாசத்துக்கு, என்ன ஏதெண்டு கேக்கப்படாதாம். இவர் ஏலாதெண்டார். மறுகாவும் வந்தாங்க. மறுகாவும் ஏலாதெண்டார்.”

“இது நீங்க கண்டதா, அவர் சொல்லிக் கேட்டதா?”

“என்ட ரெண்டு கண்ணாலயும் கண்ட மிஸ். ஜன்னலுக்குப் பின்னால நிண்டு.”

“ஏன் பொலிஸுக்கு வரல்ல?”

அவள் சிரித்தாள், சந்தோஷமான சிரிப்பு இல்லை. “வந்தா யாரப் புடிச்சிருப்பீங்க? அவங்களையா, எங்களையா?”

நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது வாளியில்தான் மிச்சத்தைச் சொன்னாள். வந்தவர்கள் ஒரு மட்டைத் துண்டில் தொலைபேசி இலக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எரித்துவிடச் சொன்னார் கணவர். இவள் எரிக்கவில்லை. அரிசிப் பரணிக்குள் வைத்திருந்தாள்.

“எரிச்செண்டுதான் அவர் நினைச்சிக்கிட்டு இரிக்கார். அவருக்கும் தெரியப்படாது. என்ட பேர் ஒரு இடத்திலயும் வரப்படாது மிஸ். உசிர் போற வரைக்கும் வரப்படாது.”

“வராது புள்ள,” என்றேன்.

என் இரண்டு கையும் ஈரம். பென்சிலும் இல்லை, தாளும் இல்லை. அதனால்தான் சொன்னாளோ என்று பிறகு பலதரம் யோசித்திருக்கிறேன். ஏழாவது தண்ணீரை ஊற்றி, விரிப்பின் இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்து, கொடியில் போட்டோம். பிறகு அவள் உள்ளே போய், அரிசிப் பரணியிலிருந்து அந்த மட்டைத் துண்டை எடுத்துவந்து என் கைக்குள் வைத்தாள்.

கொட்டிலுக்குள் இருந்தது நண்டு. ஓடு கழற்றும் நண்டுக்கு இருட்டு வேண்டுமாம், அதனால் கறுப்புப் பொலித்தீன். பரல்களில் தண்ணீர், தண்ணீருக்குக் காற்றடிக்கப் பற்றரி. சவூதியில் உழைத்ததை இதில் போட்டிருந்தார் நிஸ்தார், ஊரில் வேறு யாரும் தொழிலைப் பழகிவிடக் கூடாது என்றுதான் அத்தனை மறைப்பு. உள்ளே போன கான்ஸ்டபிள் ஒருவர் பரலுக்குள் கையை விட்டு, விரலில் நண்டோடு வெளியே வந்தார்.

வாவிக்கரையில் பொறுப்பதிகாரியைத் தனியே கூப்பிட்டு நாய் விடயத்தை முதலில் சொன்னேன், கிணற்றடி விடயத்தைப் பிறகு சொன்னேன். மட்டைத் துண்டைக் கையில் கொடுத்தேன். நாய்க்காக ஏசுவார் என்று நின்றேன். “ஏழு தரமும் கழுவினதா?” என்று மட்டும் கேட்டார். ஓம் சேர் என்றேன். சட்டைப் பையிலிருந்த கோரிக்கைத் தாளை எடுத்து ஜீப்பின் முன்தட்டில் வைத்து, அழிறப்பரால் வரிவரியாக அழித்து, தூளை ஊதிவிட்டார்.

அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து வந்த அழைப்பை அவர் நின்றுகொண்டே பேசினார். எப்படியும் ஆளைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. “நான் கண்ணால் கண்டேன் சேர். நண்டு சேர்,” என்று சிங்களத்தில் மூன்றுதரம் சொன்னார். நிஸ்தாரை நாங்கள் கொண்டுபோகவில்லை, இலக்கத்தை மட்டும் யார் தந்தது என்று சொல்லாமல் மேலே அனுப்பினோம். நான் பிழையாக நம்பியிருந்தால் எங்கள் இருவரின் சீருடையோடு முடியாது, வேறு உயிர்களும் போகும். ஒன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் ஒரே வரியில் செய்தி வந்தது, தகவல் சரி என்று. அந்த இலக்கத்தைத் தொடர்ந்து போனவர்கள் வேறொரு மாவட்டத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு களஞ்சியத்தில், இருக்கக் கூடாத பொருட்களைக் கண்டெடுத்தார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தகவல் தந்தவருக்குச் சன்மானம் கொடுக்கப் பெயர் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். எங்கள் பொறுப்பதிகாரி மிகவும் கவலைப்பட்ட முகத்தோடு, “பென்சிலால் எழுதியது சேர். அழிந்துபோய்விட்டது,” என்றார்.

பயிற்சி வகுப்பில் ஆறாவதாக ளுஹாவையும் சேர்த்தேன். எந்த நேரமானாலும் உள்ளறைக் கதவைத் திறந்து பார்க்காமல் நாயைக் கூப்பிடாதே என்றும் சேர்த்தேன். இந்தக் கதையையும் சொல்வேன், ஆனால் “ஒரு அதிகாரி ஒருமுறை நாயை உள்ளே விட்டுவிட்டார்” என்றுதான் தொடங்குவேன். எனக்கு உதவியாளராக வந்த சதீஸ் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பான். ஓய்வு பெறும்வரை அப்படியே ஓட்டிவிட்டேன். சப்பாத்துக் கழற்றாதவனை வெயிலில் நிறுத்திய எனக்கு, இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

நேற்று எழுதி முடித்துவிட்டுச் சதீஸுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அந்த அதிகாரிட பேரப் போடவா மிஸ்?”

“போடு. என்ட பேர முழுசாப் போடு.”

“அந்தப் பொம்பிளட பேர்? நண்டுக்காரர்ட பேர்? இதெல்லாம் அச்சில வரப் போகுதே மிஸ்.”

“நான் எழுதியிருக்கிறபடியே போடு,” என்றேன். அவனுக்கு விளங்கியது. அன்று வாசலில் நின்றவனல்லவா, சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்தான்.

வாசிக்கிற உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய பெயர் பரீதா இல்லை. நிஸ்தாரும் நிஸ்தார் இல்லை. அந்தக் கொட்டிலுக்குள் இருந்தது நண்டும் இல்லை, ஆகவே கான்ஸ்டபிளின் விரலைப் பிடித்ததும் வேறொன்று. ஊரைத் தேட வேண்டாம். நாய், மண், ஏழு வாளித் தண்ணீர், என் பிழை, இவை மட்டும் நடந்தபடி. மிச்சமெல்லாம் கிணற்றடியில் நான் கொடுத்த வாக்கு.